பார்வை திரையில் இல்லை

ஒரு கோப்பின் அளவு பைட்டுகளில் தரப்படும், அதை மனிதர் படிக்கத்தக்க வடிவத்துக்கு மாற்றி எழுதவும் என்று லேப்டாப்பின் குரல் இங்கிலீஷில் வாசித்தது, நான் அம்புக்குறியை அழுத்தி இன்னொரு தடவை வாசிக்கவிட்டேன். இடது காதில் இயர்போன், வலது காது வீட்டுக்கு. இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு வேலை செய்து எனக்குப் பழக்கமில்லை, கண் தெரியாதவளுக்கு ஒரு காதாவது வீட்டில் இருக்க வேண்டும், இல்லையென்றால் யார் வந்தார்கள் யார் போனார்கள் என்று தெரியாமல் போய்விடும். அந்த வலது காதில் மொட்டைமாடியிலிருந்து உளிச் சத்தம் இறங்கி வந்துகொண்டிருந்தது. கொத்தனார் சின்னையா ஒயரிங்குக்காகச் சுவரில் காடி வெட்டுகிறார். அது என் ரூமின் சுவர். அண்ணன் எனக்கென்று மாடியில் ஒரு ரூம் கட்டுகிறார், பாத்ரூமோடு, படி நெடுகக் கைப்பிடியோடு, இனி உனக்கு ஒரு கவலையும் இல்ல பாப்பா, நான் இல்லாமப் போனாலும் இந்த ரூம் இருக்கும் என்று அஸ்திவாரம் இல்லாத அந்த ரூமுக்கு முதல் செங்கல் வைத்த அன்று சொன்னார், எனக்கு வயது இருபத்தொன்பது, இன்னும் பாப்பா. இன்றைக்கு அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளத்தான் பொன்மலை ரயில் பட்டறைக்கு லீவு போட்டிருக்கிறார். லீவு போடுவார் என்று தெரிந்திருந்தால் தேர்வை வேறு நாள் கேட்டிருப்பேன். அவருக்குத் தெரியாது. அண்ணிக்கு மட்டும் தெரியும், ஜூலியட் அண்ணி கதவைச் சாத்திவிட்டுப் போகும்போது நல்லா எழுது ஜெசி என்று கிசுகிசுத்தாள், அந்தக் கிசுகிசுப்பே எனக்குப் பிடிக்கவில்லை, ஏதோ திருட்டு வேலைக்கு உடந்தை போல. கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றில் வேலைக்கான தேர்வு. கிடைத்தால் அங்கேயே தங்க வேண்டும். மேலே டங், டங். கோப்பின் அளவு பைட்டுகளில் தரப்படும். உதாரணத்துக்கு ஒரு எண்ணைக் குரல் வாசித்தது, ஒன் மில்லியன் என்று ஆரம்பித்து மூச்சு விடாமல் நீளமாக, பத்து லட்சத்து நாற்பத்தெட்டாயிரத்து ஐந்நூற்று எழுபத்தாறு, இதை மனிதர் படிக்க முடியாதாம், ஒரு எம்.பி. என்று சொன்னால் படிக்க முடியுமாம். இது எளிதான கணக்குதான். ஆயிரத்து இருபத்து நாலு பைட் ஒரு கே.பி., ஆயிரத்து இருபத்து நாலு கே.பி. ஒரு எம்.பி., அதற்கு மேலே ஜி.பி. எண் ஆயிரத்து இருபத்து நாலுக்குக் கீழே வரும்வரை வகுத்துக்கொண்டே போக வேண்டும், எத்தனை தடவை வகுத்தோமோ அதற்கேற்ற பெயரைப் பக்கத்தில் எழுத வேண்டும், புள்ளிக்குப் பிறகு ஓர் இலக்கம் போதும். கல்லூரியில் இதைவிடச் சிக்கலானதையெல்லாம் எழுதியிருக்கிறேன். பிறகு ஏன் விரல்கள் சில்லிட்டிருக்கின்றன, அண்ணி ஃபேனைக் கூட்டி வைத்துவிட்டுப் போய்விட்டாளா.

முதல் வரியை எழுதி முடித்தேனோ இல்லையோ, டிங் என்று ஒரு சத்தம், குரல் நடுவில் புகுந்து வாசித்தது. எச்சரிக்கை. உங்கள் பார்வை திரையில் இல்லை. மூன்றாவது எச்சரிக்கையில் தேர்வு தானாக முடிவடையும். எனக்கு முதலில் புரியவில்லை. பார்வை திரையில் இல்லை. ஆமாம், இல்லை, எங்கேயும் இல்லை. சிரிப்பு வந்தது, உடனே சிரித்தால் அதுவும் கேமராவில் பதிவாகுமோ என்று வாயை மூடிக்கொண்டேன். கம்பெனியிலிருந்து பேசிய பெண், வைதேகி, எல்லா ஏற்பாடும் பண்ணியாச்சு மேடம், எக்ஸ்ட்ரா டைம் கொடுத்திருக்கோம், உங்க ஸ்க்ரீன் ரீடர் வேலை செய்யும், ஒண்ணும் பயப்படாதீங்க என்று சொன்னாள். நல்ல குரல், கொஞ்சம் சளி பிடித்த மாதிரி, பொய் சொல்கிற குரல் இல்லை. நான் ஆறு வருஷமாக ஒரு ஆஸ்பத்திரியின் டெலிபோன் போர்டில் உட்கார்ந்து நாள் முழுக்கக் குரல்களைத்தான் கேட்கிறேன், எந்த வார்டு வேண்டும் என்று கேட்பதற்குள் அந்த ஆள் அழுதுவிட்டுப் பேசுகிறாரா இனிமேல்தான் அழப்போகிறாரா என்று எனக்குத் தெரிந்துவிடும். வைதேகி கேமராவை மறந்திருக்கிறாள். அல்லது யாரிடமோ சொல்லி அந்த யாரோ மறந்திருக்கிறார்கள். அவளைக் கூப்பிடலாமா, செல்போனைத் தொட்டால் அது ஒரு எச்சரிக்கை ஆகிவிடுமே, போன் வைத்திருக்கக் கூடாது என்று விதி இருந்ததே, அதை அண்ணியிடம் கொடுத்துவிட்டேனே. சரி, திரையைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதானே. திரை எங்கே இருக்கிறது. கை எட்டும் தூரத்தில் இருக்கிறது, அதன் விளிம்பு எனக்குத் தெரியும், ஆனால் முகத்தை அதற்கு எதிரே வைப்பது என்றால் எதை வைப்பது, மூக்கையா, நெற்றியையா. மாதா கோயிலில் முதல் நற்கருணை, புதுநன்மை, வாங்கின அன்று போட்டோ எடுத்தவர் இங்க பாரும்மா, இங்க, இங்க என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்க் கடைசியில் வந்து இரண்டு விரலால் என் தாடையைப் பிடித்துத் திருப்பி வைத்துவிட்டு ஓடினார், அந்த விரலில் பீடி வாசனை, அவர் போய்ச் சேர்வதற்குள் தாடை பழையபடி திரும்பிவிட்டது. அந்தப் போட்டோ இன்னும் கூடத்தில் மாட்டியிருக்கிறதாம், நான் எங்கேயோ பார்க்கிறேனாம். கையை நீட்டித் திரையின் மேல் விளிம்பைத் தடவினேன், நடுவில் ஊசித்தலை அளவுக்கு ஒரு வழவழப்பு, இதுதான் கேமராவாக இருக்கும், ஐயோ விரலால் அதை மூடிவிட்டேனோ என்று வெடுக்கென்று எடுத்தேன். எண்ணெய் பட்டிருக்கும், காலையில் தலைக்கு வைத்தது. துடைக்கலாமா. துடைத்தாலும் மூடினது ஆகும். மூக்கு நுனிக்கு நேரே அந்த வழவழப்பு இருக்கும்படி கழுத்தை நிறுத்தினேன். விறைத்துப்போய் உட்கார்ந்தேன். இனி ஆடக் கூடாது.

அப்படியே ஆடாமல் எழுதி முடித்தேன். ஓட்டிப் பார்த்தேன். சோதனைகள் பன்னிரண்டு, சரி பதினொன்று, தவறு ஒன்று என்று குரல் சொன்னது. எது தவறு என்று சொல்லாது, எந்த எண்ணைக் கொடுத்துப் பார்த்தார்கள் என்றும் சொல்லாது, அது மறைத்து வைத்த சோதனை. ஒன்று. எது அந்த ஒன்று. பூஜ்யமாக இருக்குமோ. ஒன்றுமே இல்லாத கோப்புக்கு அளவு பூஜ்யம், வகுக்க வேண்டியதே இல்லை, பூஜ்யம் பி என்று எழுதினால் சரி, எழுதியிருக்கிறேன், எழுத்தெழுத்தாகக் கேட்டுப் பார்த்தேன், சரிதான். ஒருவேளை ஆயிரமா. சில இடங்களில் கே.பி. என்றால் ஆயிரம் பைட், சில இடங்களில் ஆயிரத்து இருபத்து நாலு, ஒரே பெயருக்கு இரண்டு அளவு, கடையில் பென் டிரைவ் வாங்கும்போது ஒன்று, வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டால் ஒன்று. ஆனால் கேள்வியிலேயே ஆயிரத்து இருபத்து நாலு என்று இருக்கிறது. இருக்கிறதா. மறுபடி வாசிக்கவிட்டேன். இருக்கிறது. ஆயிரமாக இருந்தால் ஒன்று மட்டுமா தவறும், எல்லாமே தவறியிருக்கும். அப்படியானால் இடைவெளி, எண்ணுக்கும் பெயருக்கும் நடுவில் ஓர் இடைவெளி, அதுவும் இருக்கிறது. பூஜ்யமாக இருக்குமோ. இதைத்தான் முதலில் யோசித்தேன். சுற்றிச் சுற்றி அங்கேயே வருகிறேன், எண்கள் தலைக்குள் நிற்கமாட்டேன் என்கின்றன, ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவுகிறது. கழுத்து வலித்தது. எனக்கு யோசனை வருவது கழுத்தை இடது பக்கம் சாய்த்துத் தலையைக் குனிந்து கொஞ்சம் முன்னும் பின்னும் ஆடும்போதுதான், அது எனக்கே வெகு நாள் தெரியாது, பள்ளியில் சிஸ்டர் சொல்லித்தான் தெரியும், ஜெசிந்தா ஆடாதே, பார்க்கிறவங்களுக்கு அசிங்கமா இருக்கும் என்று. கோயிலில் அண்ணன் பக்கத்தில் முழங்காலிட்டு இருக்கும்போது என் தலை ஆட ஆரம்பித்தால் அவர் கை பின்னங்கழுத்தில் வந்து உட்காரும். அழுத்தாது, அடிக்காது, சும்மா இருக்கும். தலையை நேரா வை பாப்பா. நேராக வைத்தால் பூசை முழுக்க ஒன்றுமே என் காதில் ஏறாது. அப்போது அவருக்கு இருபது வயதுக்கு மேல் இருக்கும், அப்பாவும் அம்மாவும் போனபின் அவர்தான் எல்லாம், கூடப் படித்தவர்கள் நாலு பேர் திரும்பிப் பார்த்தால் அவருக்குக் கூச்சமாக இருந்திருக்காதா. நான் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டேனா. அந்தக் கை இப்போதும் கழுத்தில் இருக்கிற மாதிரிதான் உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் இது கை இல்லை, ஒரு ஊசித்தலை. கோயம்புத்தூருக்கு அவர் என்னை ஒரு தடவை கூட்டிப்போயிருக்கிறார், பத்து வயதில், பெரிய கண் ஆஸ்பத்திரிக்கு. டாக்டர் ரொம்பச் சுருக்கமாகப் பேசினார். வெளியே வந்து எனக்கு ஆரஞ்சு ஜூஸ் வாங்கிக் கொடுத்து, நான் குடித்து முடிக்கிறவரைக்கும் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார், விரல் நசுங்கியது, சொன்னால் விட்டுவிடுவாரோ என்று சொல்லவில்லை. அந்த ஊர்ச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. எந்தப் பக்கம் சுவர், எந்தப் பக்கம் ரோடு என்று தெரியாத சத்தம். இந்த வீட்டில் எனக்கு எல்லாச் சுவரும் தெரியும், எதிலும் இடித்துக்கொண்டு வருடக்கணக்காகிறது, மாடியில் இன்னும் நாலு சுவர் எழும்புகிறது, அதையும் ஒரு வாரத்தில் தெரிந்துகொள்வேன், அப்புறம். அப்புறம் என்ன. பூஜ்யமாக இருக்குமோ.

உளிச் சத்தம் நின்றதை நான் கவனிக்கவில்லை. செருப்பில்லாத காலில் சிமெண்டுத் தூள் நறநறக்கப் படி இறங்கி வருவது அண்ணன்தான் என்று தெரிந்து, அண்ணி அவ தூங்குறா என்று ஏதோ சொல்வது கேட்டு, தூங்குறாளா இந்நேரத்துலயா என்று அவர் கேட்பதும் கேட்டு, எழுந்து தாழ்ப்பாள் போடலாமா எழுந்து போனால் திரையில் பார்வை இருக்காதே என்று நான் குழம்பி முடிப்பதற்குள் கதவு திறந்துவிட்டது. தூங்கலயே, வேலைதானே பாக்குறா என்றார் அண்ணியிடம். என்னிடம், பாப்பா ஒரு நிமிஷம், சுவிட்ச்போர்டு எந்த உயரத்துல வைக்கச் சொல்லட்டும், எல்லாரும் வைக்கிற மாதிரி வச்சா ஒனக்கு எட்டிப் போடணும், கையை நீட்டிக் காட்டு, அளந்துக்கிறேன் என்றார். டிங். எச்சரிக்கை, அறையில் வேறொரு நபர் இருக்கிறார். என் காதில் மட்டும் கேட்டது. இரண்டு ஆகிவிட்டது. போங்கண்ணே என்று சொல்ல வாய் வந்தது, சொன்னால் ஏன் என்று கேட்பார், கேட்டால் சொல்ல வேண்டியிருக்கும், சொன்னால் பேச்சு நீளும், அதற்கு வலது கையை நீட்டிக் காட்டுவதே சீக்கிரம் முடியும். எழுந்து நின்று, முகத்தை மட்டும் அந்த வழவழப்புக்கு நேரே குனிந்து நிறுத்திக்கொண்டு, பரிசு வாங்கப் போகிறவள் போல் வலது கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டினேன். ஏன் அப்படி வெறைச்சுக்கிட்டு நிக்கிற, சும்மா நில்லு என்று அண்ணன் டேப்பை இழுத்துத் தரையிலிருந்து என் விரல் வரைக்கும் பிடித்தார். ஜன்னலைத் திறந்து மேலே பார்த்துச் சத்தம் கொடுத்தார், சின்னையா, நாலடிக்கு ஒரு நூல் கம்மி. மேலேயிருந்து சின்னையாவின் குரல், அப்ப நாலடின்னே சொல்லுங்க, ஒரு நூலுக்கு எதுக்குக் கம்மி கணக்கு என்றது. அண்ணன் சிரித்தார். சரி, நாலடி. ஒனக்கு எட்டும்ல என்றார் என்னிடம். எட்டும்ணே. என்ன ஆபீஸ் வேலையா. ஆமாண்ணே. அவர் போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போனார், சத்தம் வராமல், நான் வேலை செய்கிறேன் என்பதால். அந்தச் சத்தமில்லாத சாத்தலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. முகத்துக்கு நேரே பொய் சொன்னேன், அவர் கதவை மெதுவாகச் சாத்துகிறார்.

நாலடிக்கு ஒரு நூல் கம்மி, நாலடின்னே சொல்லுங்க. உட்கார்ந்தேன், குரல் மறுபடி என் வரிகளை வாசித்துக்கொண்டிருந்தது, நான் கேட்கவில்லை. ஒரு நூல் கம்மி. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குதான் ஒரு நூல். ஒரு பைட் கம்மி. ஒரு எம்.பி.க்கு ஒரே ஒரு பைட் குறைவாக ஒரு கோப்பு இருந்தால் என் நிரல் என்ன சொல்லும். அது எம்.பி. ஆகவில்லை, அதனால் ஒரு தடவைதான் வகுக்கும், ஆயிரத்து இருபத்து மூன்று புள்ளி ஒன்பது ஒன்பது ஒன்பது கே.பி. வரும், சரி, ஆனால் புள்ளிக்குப் பிறகு ஓர் இலக்கம் போதும் என்று சொல்லியிருக்கிறார்கள், அந்த ஓர் இலக்கத்துக்குச் சுருக்கும்போது அது ஆயிரத்து இருபத்து நாலு புள்ளி பூஜ்யம் கே.பி. ஆகிவிடும். அப்படி ஒன்று கிடையாது. ஆயிரத்து இருபத்து நாலு கே.பி. என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஒரு எம்.பி. என்பார்கள். அதுதான். அதுதானா. முதலில் சுருக்க வேண்டும், சுருக்கின பிறகு இது எந்தப் பெயருக்குள் வருகிறது என்று பார்க்க வேண்டும், நான் முதலில் பெயரை வைத்துவிட்டு அப்புறம் சுருக்கியிருக்கிறேன். ஆனால் அப்படிச் செய்தால் மற்றப் பதினொன்றும் கெட்டுப்போகுமா. பைட்டாகவே இருக்கும்போது சுருக்கக் கூடாதே, பைட்டுக்குப் புள்ளியே கிடையாதே, அதைத் தனியாக விட வேண்டும், எங்கே விட வேண்டும், வகுப்பதற்கு முன்னாலா பின்னாலா. பிடித்துவிட்டேன் என்று நினைத்த நுனி திரும்பவும் நழுவியது. கழுத்தில் அந்த ஊசித்தலை. நேராக வைத்தால் ஏறாது, எனக்குத் தெரியும், எத்தனை பூசை நான் இப்படி இருந்திருக்கிறேன். சாய்த்தால் டிங், மூன்று, முடிந்தது. சாய்க்காவிட்டால் பதினொன்று, அவ்வளவுதான், பதினொன்று போதாதா, பதினொன்று எடுத்தவர்களையும் கூப்பிடுவார்களாக இருக்கும், விறைத்துக்கொண்டு உட்கார்ந்து நேரம் போகட்டும் என்று விட்டுவிடலாம். மேலே உளிச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது, நாலடி உயரத்தில். எனக்கு எங்கேயிருந்து அந்த ஆத்திரம் வந்தது என்று தெரியவில்லை, யார் மேல் என்றும் தெரியவில்லை. தலையை இடது பக்கம் சாய்த்தேன். குனிந்தேன். ஆடினேன். எத்தனை நேரம் கழித்து ஆடுகிறேன் என்று உடம்பு முழுக்க ஒரு சுகம், எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அதனதன் இடத்தில் உட்கார்ந்தன, பைட் தனியாக, மற்றது சுருக்கி, சுருக்கினது ஆயிரத்து இருபத்து நாலைத் தொட்டால் இன்னொரு தடவை வகுத்து, விரல்கள் பாட்டுக்கு ஓடின. முகம் எந்தத் திசையில் இருந்ததோ. சமர்ப்பிக்கும் பொத்தானுக்குத் தாவி என்டரைத் தட்டினேன். டிங்.

எது முதலில். என் விரலா, டிங்கா. குரலை வாசிக்கவிட்டேன், வெற்று என்றது. மேலே போனேன், வெற்று. கீழே வந்தேன், வெற்று. அந்தப் பக்கத்தை எழுத்தாக வைக்காமல் படமாக வைத்திருக்கிறார்கள் போல, எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. திரையில் ஏதோ இருக்கிறது, என் ஆறு வருஷ ஆசை அதில் இருக்கிறது, நான் அதற்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன். அண்ணி என்று கூப்பிட்டேன். அண்ணி குழாயடிக்குப் போயிருந்தாள் போல. இரண்டு தடவை கூப்பிட்டேன். படியில் நறநறப்பு. என்ன பாப்பா என்றார் அண்ணன் வாசலில் நின்று. ஒன்றுமில்லை என்று சொல்லலாம், அண்ணி வரும்வரை காத்திருக்கலாம். அண்ணே, இதுல என்ன போட்டிருக்குன்னு வாசிங்க என்றேன். அவர் பக்கத்தில் வந்து குனிந்தார், சிமெண்டும் வேர்வையும் மணத்தது. இங்கிலீஷை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார், பட்டறையில் போர்டுகளை வாசிக்கிற மாதிரி சத்தமாக. உங்கள் தேர்வு நிறுத்தப்பட்டது, காரணம், பார்வை திரையில் இல்லை. இது என்ன, என்னத்தச் சொல்லுது என்றார். கீழே வேற ஏதாவது இருக்கா பாருங்க. கீழே சின்ன எழுத்தில் இருந்ததாம். உங்கள் விடை பெறப்பட்டது. சோதனைகள் பன்னிரண்டு, சரி பன்னிரண்டு.

"பாஸா, பெயிலா?" என்றார் அண்ணன்.

"தெரியலண்ணே. ரெண்டும் போட்டிருக்குல்ல."

அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். என்ன தேர்வு என்று கேட்டார். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், கோயம்புத்தூர், அங்கேயே தங்க வேண்டியிருக்கும், அண்ணிக்குத் தெரியும், இரண்டு மாதமாகத் தயார் செய்கிறேன், வரிசையில்லாமல், முன்னது பின்னதாக. பேசாத ஆளின் குரலை எப்படிக் கேட்பது, மூச்சை மட்டும் கேட்டேன், அது ஒரே சீராக இருந்தது, அதுவே எனக்குப் பயமாக இருந்தது. கோயம்புத்தூரா என்றார் கடைசியில், அந்த ஊரின் பெயரை மட்டும். அண்ணி ஈரக் கையோடு ஓடி வந்தாள், ஜெசி போன் என்று. வைதேகி. அண்ணியே பதறிப்போய் ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள். அந்தச் சளி பிடித்த குரல் ரூம் முழுக்கக் கேட்டது, மேடம், கேமராவை நாங்க ஆஃப் பண்ணியிருக்கணும், நான் மெயில் போட்டேன், அங்க யாரும் பார்க்கல, எங்க தப்பு, ரொம்ப சாரி. உங்க கோடிங் முழுசா வந்திருக்கு, தேர்வு நின்னதை நான் ரத்து பண்ணச் சொல்லிட்டேன், திங்கக்கிழமை நேர்ல வர முடியுமா, ரெண்டு பேர் பேசுவாங்க, அப்புறம்தான் முடிவு. முடியும் என்றேன், யாரையும் கேட்காமல் சொன்னேன். போனை அண்ணி வாங்கிக்கொண்டாள். மேலே சின்னையா வேலையை நிறுத்திவிட்டு அண்ணனை அடைக்கலம் சார் என்று கூப்பிட்டார், ஏதோ ஒயர் பத்திக் கேட்டார். அண்ணன் கட்டிலை விட்டு எழவில்லை.

"ரூம் வேலைய நிறுத்தச் சொல்லவா?" என்றார்.

எனக்கு அந்தக் கேள்வி புரிந்தது, அதற்குள் இன்னொரு கேள்வி இருந்தது, அது புரியவில்லை. போகாதே என்கிறாரா, போ என்கிறாரா, கோபத்தில் கேட்கிறாரா, நிஜமாகவே சின்னையாவுக்குச் சொல்லத்தான் கேட்கிறாரா. வேலை கிடைக்குமா என்றே தெரியாது, கிடைக்காவிட்டால் இந்த ரூம்தான், கிடைத்துப் போய் நாலு நாளில் பயந்து திரும்பி வந்தாலும் இந்த ரூம்தான், நிறுத்துங்கள் என்று எப்படிச் சொல்வது, நிறுத்தாதீர்கள் என்று எப்படிச் சொல்வது.

"வேணாம்ணே, கட்டி முடிங்க" என்றேன். "முடிச்சு வாடகைக்கு விடுங்க."

அண்ணி தண்ணீர் எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டாள். வாடகைக்கா என்றார் அண்ணன். ஒனக்குன்னு கட்டுறது பாப்பா என்றார். தெரியும்ணே என்றேன். அவர் எழுந்தார், வாசல்வரை போனார், திரும்பி வந்தார், அந்தப் பொண்ணுகிட்ட அந்த ஆபீஸ் ரோட்டத் தாண்டிப் போற மாதிரியா இருக்கும்னு கேட்டியா என்றார். கேக்கல. நம்பரைக் குடு, நான் கேக்குறேன். நானே கேக்குறேண்ணே என்றேன். பிறகு படியேறப் போனவர் முதல் படியிலேயே நின்று சொன்னார்.

"திங்கக்கிழமைக்குப் போறதுக்கு ரெண்டு டிக்கெட் போடு, வர்றதுக்கு ரெண்டு. அதுக்கப்புறம் ஒன் இஷ்டம்."

கோபமா, அழுகையா, சம்மதமா என்று அந்தக் குரலில் தேடினேன். நாள் முழுக்க முகம் தெரியாதவர்களின் குரலை இன்னதென்று சொல்கிறவள் நான், ஒரு தடவைகூடத் தவறியதில்லை. அண்ணன் குரல் எனக்குப் பிடிபடவில்லை. அவர் மேலே போய்ச் சின்னையாவிடம் ஒயர் பத்திப் பேசுவது கேட்டது, கதவைத் திறந்து போட்டுவிட்டே போயிருந்தார்.